நடந்தால் ஒன்றுமில்லை, ஓடினால் மூச்சு முட்டுகிறது: ஏன்?

கேள்வி: எனக்கு வயது 44. உட்கார்ந்தே செய்யும் வேலை. ஆறு மாதமாக வாரத்தில் ஐந்து நாள், ட்ரெட்மில்லில் மணிக்கு 5.5 கிலோமீட்டர் வேகத்தில் முக்கால் மணி நேரம் நடக்கிறேன். அதில் எந்தச் சிரமமும் இல்லை, போனில் பேசிக்கொண்டேகூட நடப்பேன். சரி, அடுத்து ஓடிப் பார்க்கலாம் என்று வேகத்தை 8-க்கு ஏற்றினேன். மூன்றாவது நிமிடத்திலேயே மூச்சு முட்டுகிறது, தொடை எரிகிறது, இதயம் அடிப்பது காதில் கேட்கிறது. கைக்கடிகாரம் 168 காட்டுகிறது. 220-இல் வயதைக் கழித்தால் 176 தானே, அதை நெருங்கிவிட்டோமே என்று பயந்து நிறுத்திவிடுகிறேன். அடுத்த இரண்டு நாள் கால் வலி. லாக்டிக் ஆசிட் தேங்கியிருக்கிறது என்கிறார்கள். என்னைவிட ஆறு வயது இளைய தம்பி பக்கத்து ட்ரெட்மில்லில் அதே வேகத்தில் கதை பேசிக்கொண்டு ஓடுகிறான். என் இதயம் பலவீனமா? நுரையீரல் போதவில்லையா? விடாமல் 8-லேயே ஓடிப் பழகினால் சரியாகிவிடுமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நெஞ்சில் அழுத்தம், மயக்கம், தலைசுற்றல் என்று எதையும் நீங்கள் குறிப்பிடவில்லை. ஆறு மாதமாக முக்கால் மணி நேரம் சிரமமில்லாமல் நடக்கிறீர்கள். இதைப் படித்தவரையில் உங்கள் இதயத்தைப் பற்றி எனக்குக் கவலை எழவில்லை. எந்த நிலையில் கவலைப்பட வேண்டும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். இப்போது அந்த 5.5-க்கும் 8-க்கும் நடுவில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். உங்கள் கேள்விகள் எல்லாமே அந்த இடைவெளிக்குள்தான் இருக்கின்றன.

ட்ரெட்மில்லின் திரையில் அது வெறும் இரண்டரை கிலோமீட்டர் வித்தியாசம். உடலின் கணக்கு வேறு. சமதளத்தில் 5.5 வேகத்தில் நடக்க, உங்கள் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நிமிடத்துக்குச் சுமார் 12 அல்லது 13 மில்லி ஆக்சிஜன் தேவை. 8 வேகத்தில் ஓடுவதற்கு அதே ஒரு கிலோவுக்குச் சுமார் 30 மில்லி வேண்டும். வேகம் ஒன்றரை மடங்குகூட ஆகவில்லை, தேவை இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. நடக்கும்போது ஒரு கால் எப்போதும் தரையில் இருக்கிறது. ஓட்டத்தில் ஒவ்வொரு அடிக்கும் முழு உடலையும் தூக்கி எறிந்து, திரும்ப வாங்கிப் பிடிக்க வேண்டும். அந்தச் செலவுதான் இது.

இனி, உங்கள் உடலால் அதிகபட்சம் எவ்வளவு ஆக்சிஜனை எடுத்துச் செலவழிக்க முடியும் என்பது அடுத்த கேள்வி. நாற்பதுகளில் இருக்கும், நடைப் பயிற்சி மட்டும் செய்துவந்த பெண்கள் பலருக்கு இந்த உச்சம் 30 மில்லியை ஒட்டித்தான் இருக்கும். அதாவது கொஞ்சம் வேகம் கூட்டுவதாக நினைத்துக்கொண்டு நீங்கள் உங்கள் திறனின் கூரைக்கே போய்விட்டீர்கள். அங்கே மூன்று நிமிடம் தாக்குப்பிடித்தது பலவீனத்தின் அடையாளம் இல்லை. யாராக இருந்தாலும் தன் உச்சத்தின் அருகே சில நிமிடங்கள்தான் நிற்க முடியும்.

நடையிலிருந்து உச்சம் வரை உடல் எப்படி மாறுகிறது என்று நேரில் பார்த்தால் நன்றாகப் புரியும். பரிசோதனைக்கூடத்தில் நாங்கள் செய்வது இதுதான். முகத்தில் மூக்கையும் வாயையும் மூடும் மாஸ்க் போட்டு, உள்ளே போகும் காற்றையும் வெளியே வரும் காற்றையும் அளக்கிறோம். ட்ரெட்மில்லின் வேகத்தையோ சாய்வையோ நிமிடத்துக்கு நிமிடம் சிறிது சிறிதாகக் கூட்டுகிறோம். மாஸ்க் போட்டவரால் பேச முடியாது என்பதால் எதிரே ஓர் அட்டையை மாட்டி வைத்திருப்போம். ஸ்வீடன் உளவியலாளர் குன்னர் போர்க் உருவாக்கிய அளவுகோல் அது. 6-இல் தொடங்கி 20 வரை எண்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே எவ்வளவு கடினம் என்ற குறிப்பு. எப்படி இருக்கிறது என்று கேட்டால் அவர் விரலால் ஓர் எண்ணைத் தொட்டுக் காட்டுவார்.

ஆரம்பத்தில் விரல் 9, 10, 11 என்று நிதானமாக ஏறும். திரையில் இதயத் துடிப்பின் கோடு ஏறக்குறைய நேராக ஏறிக்கொண்டிருக்கும். மூச்சின் கோடும் அதோடு சேர்ந்தே போகும். பிறகு ஒரு கட்டத்தில், சுமையைக் கூட்டியது முன்பு போலவே சிறிதளவுதான் என்றாலும், மூச்சின் கோடு மட்டும் மேலே வளையும். கோட்டைப் பார்க்காமலேயே அதைக் கண்டுபிடித்துவிடலாம். அதுவரை வயிறும் விலாவும் மட்டும் அசைந்துகொண்டிருந்தவருக்கு இப்போது தோள் எழும்பும். மூச்சை இழுக்கும்போது கழுத்தின் இரு பக்கமும் தசை கயிறாகத் தெரியும். விரல் 13-ஐத் தாண்டியிருக்கும். இன்னும் கூட்டினால் இரண்டாவது முறையாக, முன்னைவிடச் செங்குத்தாக, கோடு வளையும். அதற்குப் பிறகு சில நிமிடங்கள்தான் தாங்க முடியும்.

இந்த வளைவுகளைத்தான் நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். கடினம் கூடக் கூட உடலில் எல்லாமே சீராகக் கூடும் என்றுதான் பலரும் எண்ணுகிறார்கள். இதயத் துடிப்பு ஓரளவு அப்படித்தான் கூடுகிறது. மூச்சும் ரத்தத்தின் வேதியியலும் அப்படிக் கூடுவதில்லை.

இதயத்தை முதலில் பார்த்துவிடுவோம். ஓய்வில் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தத்தை அது இறைக்கிறது. மூளையிலிருந்து இறங்கி வரும் வேகஸ் நரம்பு அதன் துடிப்பை எப்போதும் கொஞ்சம் அடக்கியே வைத்திருக்கிறது. நீங்கள் நடக்கத் தொடங்கியதும் முதலில் அந்தப் பிடி தளர்கிறது. துடிப்பு 100-ஐ நெருங்கும்வரை பெரும்பாலும் இந்தத் தளர்வே போதும். அதற்கு மேல் போகத்தான் அட்ரினலின் வகைத் தூண்டுதல் வேண்டும். ஒரு துடிப்புக்கு வெளியேறும் ரத்தத்தின் அளவும் கூடுகிறது. ஆனால் பயிற்சி குறைந்தவர்களுக்கு அந்த அளவு திறனின் பாதியை எட்டும்போதே ஏறக்குறைய நின்றுவிடும். அதற்கு மேல் வேண்டிய அத்தனையையும் துடிப்பின் எண்ணிக்கையை வைத்தே ஈடுகட்ட வேண்டும். உங்கள் கடிகாரத்தில் எண் விறுவிறுவென்று ஏறியதற்கு இது ஒரு காரணம்.

இறைக்கும் ரத்தத்தைப் பங்கிடுவதிலும் பெரிய மாற்றம் நடக்கிறது. ஓய்வில் மொத்த ரத்த ஓட்டத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் எலும்புத் தசைகளுக்குப் போகிறது. உச்சத்தில் ஐந்தில் நான்கு பங்கு அவற்றுக்கே. குடலுக்கும் சிறுநீரகத்துக்கும் போகும் ரத்தம் வெகுவாகக் குறைந்துவிடும். சாப்பிட்ட உடனே வேகமாக ஓடினால் வயிறு புரட்டுவது இதனால்தான். மேல் ரத்த அழுத்தம் 120-லிருந்து 160, 180 என்று ஏறும், கீழ் அழுத்தம் பெரிதாக மாறாது. இவையெல்லாம் ஆரோக்கியமான உடல் செய்யும் வேலைகள். பிபி ஏறுகிறதே என்று இங்கே பதற வேண்டாம்.

அடுத்து லாக்டேட், அதாவது நீங்கள் லாக்டிக் ஆசிட் என்று சொன்னது உடலில் இருக்கும் வடிவம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இதன் மேல் சுமத்தப்பட்ட பழி நூறு ஆண்டுப் பழையது, இன்னும் தீரவில்லை. தசையில் சர்க்கரைப் பொருள் எப்படி லாக்டிக் அமிலமாகிறது, அப்போது வெப்பம் எப்படி உண்டாகிறது என்ற ஆராய்ச்சிகளுக்காக ஆர்ச்சிபால்ட் ஹில், ஆட்டோ மேயர்ஹாஃப் இருவருக்கும் 1922-ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. அருமையான வேலை அது. ஆனால், ஆக்சிஜன் தீர்ந்துபோனால்தான் லாக்டிக் அமிலம் உண்டாகும், அது ஒரு கழிவு, அதுவே தசையைச் சோர்வடையச் செய்கிறது என்ற எண்ணம் அந்தக் காலத்தில் வேரூன்றி, பாடப் புத்தகங்களிலும் பயிற்சி அறைகளிலும் தங்கிவிட்டது. 1980-களில் அமெரிக்க உடலியலாளர் ஜார்ஜ் புரூக்ஸ் இதற்கு நேர் எதிரான படத்தை வைத்தார். லாக்டேட் ஒரு எரிபொருள். ஒரு தசை நார் உண்டாக்கியதைப் பக்கத்து நார் எடுத்து எரிக்கிறது. இதயமும் எரிக்கிறது. கல்லீரல் அதைத் திரும்பக் குளுக்கோஸாக மாற்றுகிறது.

இதைப் படித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும் இந்த நேரத்திலும் உங்கள் ரத்தத்தில் லிட்டருக்கு 1 மில்லிமோல் அளவுக்கு லாக்டேட் இருக்கும். ஒரு பக்கம் குழாயிலிருந்து தண்ணீர் விழுந்துகொண்டும் மறுபக்கம் வடிந்துகொண்டும் இருக்கிற தொட்டியைப் போல, உற்பத்தியும் செலவும் சமமாக இருக்கும்வரை அளவு ஏறாது. நடக்கும்போது பெரும்பாலும் மெதுவாகச் சுருங்கும் தசை நார்கள்தான் வேலை செய்கின்றன. அவற்றில் ஆக்சிஜனை வைத்து எரிபொருளை எரிக்கும் நுண்ணுறுப்புகளான மைட்டோகாண்ட்ரியா ஏராளம், வருகிற லாக்டேட்டை அவையே எரித்துவிடும். கடினம் கூடும்போது வேகமாகச் சுருங்கும் பெரிய நார்களையும் நரம்பு மண்டலம் வேலைக்குக் கூப்பிடுகிறது. சிறியவை முதலில், பெரியவை பின்னால் என்ற வரிசை மாறாது. பெரிய நார்கள் சர்க்கரையைப் படுவேகமாக உடைப்பவை. அட்ரினலின் அந்த வேகத்தை இன்னும் கூட்டுகிறது. விழுவது வடிவதை மிஞ்சுகிறது, அளவு ஏறத் தொடங்குகிறது. பலருக்கு 2 மில்லிமோலை ஒட்டி முதல் வளைவும், 4-ஐ ஒட்டி இரண்டாவது வளைவும் வரும். ஆளுக்கு ஆள் இது மாறும்.

கூடவே தசையில், அமிலத்தன்மையைத் தரும் ஹைட்ரஜன் அயனிகளும் சேர்கின்றன. ரத்தத்தில் இருக்கும் பைகார்பனேட் அவற்றைப் பிடித்து அடக்குகிறது. அப்படி அடக்கும்போது கூடுதலாகக் கார்பன் டை ஆக்சைடு பிறக்கிறது. அதை வெளியேற்றியாக வேண்டும், அதனால் மூளை மூச்சை விரட்டுகிறது. வேலை செய்யும் தசையிலிருந்து போகும் நரம்புச் செய்திகளும் இதில் சேர்ந்துகொள்கின்றன. ஆக, உங்களுக்கு மூச்சு முட்டியபோது உள்ளே காற்று போதாமல் போகவில்லை. வெளியே தள்ள வேண்டியது கூடிவிட்டது. அந்த நேரத்தில் விரலில் ஆக்சிமீட்டரை மாட்டிப் பார்த்திருந்தால், ஆரோக்கியமான பெரும்பாலோரைப் போல உங்களுக்கும் ஆக்சிஜன் அளவு அப்படியே இருந்திருக்கும்.

நுரையீரல் கேள்விக்கு இதிலேயே பதில் இருக்கிறது. ஓய்வில் நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர் காற்றை மாற்றும் நுரையீரல், தேவைப்பட்டால் அதைப் பத்து மடங்குக்கு மேல் கூட்டும். ஆஸ்துமா போன்ற தொந்தரவு இல்லாதவர்களுக்குத் திறனின் எல்லையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இதயம் எவ்வளவு இறைக்கிறது, தசை அதிலிருந்து எவ்வளவு எடுத்துக்கொள்கிறது என்பவைதான். இரண்டையும் பயிற்சியால் வளர்க்கலாம்.

தொடை எரிச்சல் அந்த நேரத்தில் தசையில் சேரும் ஹைட்ரஜன் அயனி, லாக்டேட் போன்றவை ஒன்றுசேர்ந்து வலி நரம்புகளைத் தூண்டுவதால் வருவது. நிறுத்திய சில நிமிடங்களில் அது போய்விடும். அடுத்த இரண்டு நாள் வலி வேறு சங்கதி. பயிற்சி முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் லாக்டேட் ஏறக்குறைய பழைய அளவுக்கு இறங்கிவிடும். நாளை மறுநாள் வரை தேங்கி நிற்க அதற்கு வழியே இல்லை. ஓடும்போது கால் தரையில் படும் ஒவ்வொரு தடவையும், உங்கள் முன் தொடைத் தசை நீண்டுகொண்டே சுருங்கி எடையைத் தாங்குகிறது. நடையில் இந்த வேலை மிகக் குறைவு. பழகாத தசையில் இதனால் நுண்ணிய காயங்கள் உண்டாகி, ஒன்றிலிருந்து மூன்று நாளில் வலி உச்சத்துக்கு வந்து தானே அடங்கும். அதே வேலையை அடுத்த முறை செய்யும்போது வலி கணிசமாகக் குறைந்திருக்கும். பயிற்சியின்போது தசையால் லாக்டேட்டை ஏறக்குறைய உண்டாக்கவே முடியாத ஒரு பரம்பரை நோய் இருக்கிறது, மெக்ஆர்டில் நோய் என்று பெயர். லாக்டேட்தான் சோர்வுக்குக் காரணம் என்றால் அந்த நோயாளிகள் சளைக்காமல் ஓட வேண்டும். உண்மையில் அவர்களுக்குச் சிறிது வேகமாக நடந்தாலே தசை பிடித்துக்கொள்கிறது. இவ்வளவுக்குப் பிறகும் லாக்டேட்டைக் குற்றம் சொல்வது நியாயமில்லை.

உங்கள் தம்பி விஷயம். இரண்டு பேரும் ஒரே வேகத்தில் ஓடினீர்கள், ஒரே கடினத்தில் ஓடவில்லை. அவருடைய உச்சம் 42 என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 என்பது அதில் எழுபது சதவீதம் சொச்சம், வளைவுக்குச் சற்று முன்னால் இருக்கிறார், அதனால் கதை பேச முடிகிறது. அதே 30 உங்களுக்கு முழு உச்சம். ஆண்களுக்குச் சராசரியாக இதயமும் பெரிது, ஹீமோகுளோபினும் கூடுதல். அவரோடு வேகத்தை ஒப்பிட்டால் உங்களைப் பற்றி எதுவுமே தெரியவராது. ஒப்பிட வேண்டுமென்றால் அவர் பேச முடிகிற வேகத்தையும் நீங்கள் பேச முடிகிற வேகத்தையும் ஒப்பிடுங்கள்.

இனி அந்த 168. முதலில் அது உண்மையான துடிப்புதானா என்று பாருங்கள். கைக்கடிகாரம் தோலுக்குள் ஒளியைச் செலுத்தி, ரத்தம் வந்து போவதை வைத்துத் துடிப்பை ஊகிக்கிறது. ஓடும்போது கை ஆடும் தாளமும் அந்த ஒளியில் பதியும். சில நேரம் கடிகாரம் துடிப்பை விட்டுவிட்டு உங்கள் காலடியை எண்ணத் தொடங்கிவிடும். மெதுவாக ஓடுபவர்களின் காலடி நிமிடத்துக்கு 160-ஐ ஒட்டித்தான் இருக்கும், அதனால் சந்தேகமே வராது. வேகத்தைக் குறைத்தவுடன் மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். கடிகாரத்தோடு ஓரளவு ஒத்துப்போனால் நம்பலாம். வாரையும் மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல்கடை மேலே, நகராதபடி கட்டுங்கள்.

168 உண்மையாகவே இருந்தாலும் பயப்பட வேண்டியதில்லை. 220-இல் வயதைக் கழிக்கும் கணக்கு 1970-களின் தொடக்கத்தில் பல ஆய்வுகளின் எண்களை ஒரே படத்தில் வைத்து, கண்ணளவாக ஒரு கோடு போட்டதில் பிறந்தது. 2001-இல் இன்னும் விரிவான தரவுகளிலிருந்து வந்த சூத்திரம், 208-இல் வயதின் 0.7 மடங்கைக் கழிக்கச் சொல்கிறது. உங்கள் வயதுக்கு அது 177, பழையது 176. இரண்டும் சராசரிகள். ஒரே வயதில் ஆரோக்கியமான இரண்டு பேருக்கு உச்சத் துடிப்பு 20, 25 வித்தியாசப்படுவது சாதாரணம். முக்கியமாக, அது ஆபத்து தொடங்கும் எல்லைக்கோடு இல்லை. அந்த வயது இதயம் அதிகபட்சம் எவ்வளவு வேகமாகத் துடிக்கும் என்பதன் ஊகம் மட்டுமே. பிபிக்கோ படபடப்புக்கோ பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை எடுப்பவர்களுக்கு இந்தக் கணக்குகள் எதுவும் பொருந்தாது, துடிப்பு ஏறாமல் அந்த மாத்திரை பிடித்து வைத்திருக்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். நீங்கள் மூன்றாவது நிமிடத்தில் முடிவெடுக்கிறீர்கள். திடீரென்று சுமை கூடும்போது ஆக்சிஜன் வரத்து அந்த அளவுக்கு உயர இரண்டு, மூன்று நிமிடம் ஆகும். அந்த இடைவெளியைத் தசையில் இருக்கும் சிறு கையிருப்பும் சர்க்கரை உடைப்பும் ஈடுகட்டுகின்றன. வளைவுக்குக் கீழே இருக்கும் வேகமென்றால் அதற்குப் பின் மூச்சு ஒரு நிலைக்கு வந்து அமைதியாகிவிடும். வளைவுக்கு மேலே இருந்தால் நிலைப்படாது, நிமிடத்துக்கு நிமிடம் ஏறிக்கொண்டே போகும். எனவே எந்த வேகத்தையும் நான்காவது, ஐந்தாவது நிமிடத்தில் எடைபோடுங்கள். ஏறிக்கொண்டே போனால் அது இப்போதைக்கு உங்களுக்கான வேகம் இல்லை.

விடாமல் 8-லேயே ஓடிப் பழகலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம். மூன்று மூன்று நிமிடமாக உச்சத்தைத் தொட்டுவிட்டு நிறுத்துவதில் கிடைக்கும் மொத்தப் பயிற்சி நேரம் சொற்பம். பயத்தையும் கால் வலியையும் தவிர அதிகம் மிஞ்சாது. ரத்தத்தின் திரவ அளவு கூடுவது, ஒரு துடிப்புக்கு இதயம் இறைக்கும் அளவு கூடுவது, தசைக்குள் மைட்டோகாண்ட்ரியா பெருகுவது, இவையெல்லாம் சேர்ந்துதான் அந்த வளைவை மேலே நகர்த்தும். இவற்றுக்கு வளைவுக்குச் சற்றுக் கீழே பல நிமிடங்கள் வேண்டும், வளைவுக்கு மேலே கொஞ்ச நிமிடங்கள் வேண்டும். உங்களிடம் இப்போது நடை இருக்கிறது, உச்சம் இருக்கிறது. நடுவில் இருக்கும் அகலமான பகுதியை நீங்கள் தொடவே இல்லை.

அந்த நடுப்பகுதிக்குப் போக ட்ரெட்மில்லிலேயே வழி இருக்கிறது. வேகத்தை 5.5-லேயே விட்டுவிட்டு சாய்வை மட்டும் கூட்டுங்கள். 3 சதவீதச் சாய்வில் தேவை 17, 18 மில்லிக்கு வரும். 5 சதவீதத்தில் 21. 7 சதவீதத்தில் 24. நீங்கள் தாண்டிப்போன படிகள் இவைதான். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நடக்காதீர்கள், பிடித்தால் இந்தக் கணக்கில் பெரும்பகுதி வீணாகிவிடும். ஒவ்வொரு சாய்விலும் ஐந்து நிமிடம் இருந்துவிட்டு, மனப்பாடமாகத் தெரிந்த நான்கு வரியை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். இடையில் மூச்சுக்கு நிற்காமல் முழு வாக்கியமாகச் சொல்ல முடிந்தால் வளைவுக்குக் கீழே இருக்கிறீர்கள். சொல்ல முடிகிறது, ஆனால் சௌகரியமாக இல்லை என்று தோன்றும் இடம்தான் முதல் வளைவு. மூன்று, நான்கு சொல்லுக்கு ஒருமுறை காற்றை இழுக்க வேண்டியிருந்தால் இரண்டாவது வளைவையும் தாண்டிவிட்டீர்கள். இந்தச் சோதனைக்கு மாஸ்க்கும் வேண்டாம், ரத்தமும் எடுக்க வேண்டாம். பயிற்சியைத் தீர்மானிக்கும் அளவுக்கு இது நம்பகமானது, கடிகாரத்தைவிட இதையே நான் நம்புவேன்.

வாரத்தில் மூன்று நாள் அந்த முதல் வளைவை ஒட்டிய சாய்வில் 30 முதல் 40 நிமிடம். ஒரு நாள் உங்கள் பழைய நிதான நடை. மீதி ஒரு நாள், பத்து நிமிடம் நன்றாக நடந்து உடல் சூடான பிறகு, 6.5 அல்லது 7 வேகத்தில் ஒரு நிமிட மெல்லோட்டம், இரண்டு நிமிட நடை, இப்படி ஆறு முறை. 6.5 வேக மெல்லோட்டத்துக்கு 25 மில்லி போதும். மூன்று, நான்கு வாரம் கழித்து ஓடும் நிமிடத்தை இரண்டாக்குங்கள், அப்புறம் மூன்று. வேகத்தைத் தொடாமல் முதலில் நேரத்தைக் கூட்டுங்கள். இதயமும் ரத்தமும் வாரக் கணக்கில் மாறிவிடும், தசைநாணும் எலும்பும் மாதக் கணக்கில்தான் பழகும். முழங்காலும் குதிகாலும் பேச ஆரம்பித்தால் அவசரப்பட்டுவிட்டீர்கள் என்று பொருள்.

முன்னேற்றத்தை எப்படி அறிவது? மாதம் ஒருமுறை, அதே ட்ரெட்மில், அதே நேரம், 5.5 வேகம், 5 சதவீதச் சாய்வு. பத்தாவது நிமிடத்தில் துடிப்பைக் குறித்து வையுங்கள். வெயில் நாளிலோ தூக்கம் கெட்ட நாளிலோ செய்தால் எண் தானாகவே கூடும், அன்றைக்குச் செய்ய வேண்டாம். இரண்டு, மூன்று மாதத்தில் அந்த எண் தெளிவாக இறங்கியிருக்கும். உச்சத் துடிப்பு பயிற்சியால் கூடாது, அதை எதிர்பார்க்காதீர்கள்.

நிறுத்தும் விதம் முக்கியம். மூச்சு முட்டியதும் பட்டென்று நிறுத்தி நின்றுவிடுகிறீர்கள் என்று தோன்றுகிறது. ஓடும்போது கால் தசைகள்தான் ரத்தத்தைப் பிழிந்து மேலே அனுப்பிக்கொண்டிருந்தன. அவை திடீரென்று நின்றால், விரிந்திருக்கும் ரத்தக் குழாய்களில் ரத்தம் தேங்கி, தலை கிறுகிறுக்கும். 4 வேகத்துக்கு இறக்கி ஐந்து நிமிடம் நடங்கள். அப்படி நடக்கும் முதல் நிமிடத்தில் துடிப்பு எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். 12-க்கு மேல் இறங்குவது நல்ல அறிகுறி, பெரும்பாலோருக்கு 20-க்கு மேலேயே இறங்கும்.

எப்போது பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும்? நெஞ்சில் அழுத்தம், இறுக்கம், எரிச்சல், அது தோளுக்கோ கைக்கோ தாடைக்கோ பரவுவது. பயிற்சியின்போது மயக்கம், அல்லது கண் இருட்டுவது. துடிப்பு தாளம் தப்பி ஓடுவது, நின்று பல நிமிடமாகியும் அடங்காமல் இருப்பது. போன மாதம் எளிதாக இருந்த அதே நடையில் இந்த மாதம் மூச்சு வாங்குவது. பெண்களுக்கு நெஞ்சு வலி இல்லாமல், வழக்கமில்லாத களைப்பும் குமட்டலும் மட்டுமாகக்கூட இதயத் தொந்தரவு வரலாம். சர்க்கரை, பிபி, புகைப் பழக்கம், இளம் வயதில் இதய நோய் வந்த குடும்பம் என்று ஏதாவது இருந்தால், கடினத்தைக் கூட்டும் முன்பே ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

இது எதுவுமே இல்லையென்றாலும் உங்களிடம் ஒரு ரத்தப் பரிசோதனையைக் கேட்டுக்கொள்கிறேன். நாற்பதுகளின் நடுவில் மாதவிடாய் ஒழுங்கு தப்பி, உதிரப்போக்கு கூடுவது பலருக்கு நடக்கிறது. இரும்புச் சத்து மெல்ல மெல்லக் குறையும், உட்கார்ந்து வேலை செய்யும்போதும் நிதானமாக நடக்கும்போதும் அது தெரியவே தெரியாது. ஒரு கிராம் ஹீமோகுளோபின் சுமார் 1.34 மில்லி ஆக்சிஜனைச் சுமக்கும். 13 கிராம் இருந்தால் 100 மில்லி ரத்தத்தில் 17 மில்லி ஆக்சிஜன் போகும். 10 கிராம் என்றால் 13-தான். கிட்டத்தட்டக் கால் பங்கு குறைவு, அந்தக் குறையை இதயம் கூடுதலாகத் துடித்து நிரப்பப் பார்க்கும். நடையில் இதயம் அதைச் சமாளித்துவிடும், ஓட்டத்தில் முடியாது. நீங்கள் எழுதியிருக்கும் படமும் ஏறக்குறைய இதுதான் என்பதால் இந்தச் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்வது நல்லது. ஹீமோகுளோபின், இரும்புச் சத்தின் கையிருப்பைக் காட்டும் ஃபெரிடின் இரண்டையும் ஒரே தடவை ரத்தம் கொடுத்துப் பார்த்துவிடலாம். ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தாலோ ஃபெரிடின் குறைவு என்று வந்தாலோ, நிதான நடையை மட்டும் வைத்துக்கொண்டு, சாய்வையும் ஓட்டத்தையும் தள்ளிவைத்துவிட்டு, முதலில் அது ஏன் குறைந்தது என்று மருத்துவரிடம் கேளுங்கள்.